புள்ளிக்கு ஒரு பானை

தைப்பொங்கல் முடிந்து, மாட்டுப் பொங்கலும் முடிந்து, கரும்புச் சக்கையைக் கூட்டி அள்ளிய பிறகு சிவகங்கைப் பக்கம் ஓர் ஊரில் மறுபடியும் பொங்கல் வைக்கிறார்கள் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் முதலில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். தீட்டுப்பட்டு விட்டுப்போன பொங்கலா என்று கேட்பார்கள். இல்லை. தை முதல் நாள் வீட்டுப் பொங்கலை முறையாக வைத்து முடித்தவர்கள்தான் இதற்கும் வருகிறார்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். ஒரு டம்ளரோடு முடிகிற கதை இல்லை இது.

ஊர் நாட்டரசன்கோட்டை. மானாமதுரையிலிருந்து காரைக்குடி போகிற ரயில் பாதையில், சிவகங்கையைத் தாண்டியதும் வருகிற சின்ன ஸ்டேஷன். பேரூராட்சிதான்; பெரிய கடைத்தெரு என்று எதுவும் கிடையாது. தைப்பொங்கலுக்குப் பிறகு வருகிற செவ்வாய்க்கிழமை, கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்னால் இந்தப் பொங்கல் நடக்கும். அதனால் பெயரே செவ்வாய்ப் பொங்கல். அம்மனை ஊரார் கண்ணாத்தாள் என்பார்கள். பொங்கல் வைப்பவர்கள் நாட்டரசன்கோட்டையைச் சொந்த ஊராகக் கொண்ட நகரத்தார்கள், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ஒரு வார்த்தை இடையில்: ஆண்கள் கண்ணில் படாமல் பெண்கள் செவ்வாய்க்கிழமை இரவில் கும்பிடுகிற ஔவையார் நோன்பையும் சிலர் செவ்வாய்ப் பிள்ளையார் என்பார்கள். அது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன். அன்று பிற்பகலில் கோயில் முன்புறம் வரிசை வரிசையாக அடுப்பு கூட்டியிருக்கும். ஓர் அடுப்புக்கு ஒரு குடும்பம். பானைகள் 800, 900 என்று போகும். மண்பானை, வெண்கலம், பித்தளை, எவர்சில்வர் எல்லாம் உண்டு. பானைக் கழுத்தில் இலையோடு மஞ்சள் கொத்து. பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆச்சிகள் அடுப்பு முன்னால் குந்தியிருப்பார்கள். பக்கத்தில் பேரன் போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பான். சிங்கப்பூரிலிருந்தோ கலிபோர்னியாவிலிருந்தோ விடுமுறையை இதற்கென்றே மிச்சம் பிடித்து வந்தவனாக இருப்பான்.

பொங்கல் வைக்கிற முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குக்கரில் வைக்கிறவர்களுக்கு இந்த வரிசை மறந்துபோய்விட்டது. எங்கள் பக்கத்தில் பானையில் அரிசியை முதலில் போடமாட்டார்கள். பாலும் அரிசி களைந்த நீருமாகச் சேர்த்து ஏறக்குறையக் கழுத்துவரை நிரப்பி அடுப்பில் ஏற்றுவார்கள். பொங்க வேண்டியது அதுதான். நுரை எழும்பி, விளிம்பைத் தாண்டி, பானையின் வெளிப்புறத்தில் வழிந்து நெருப்பில் சொட்டும்போது குலவையும் சங்கும் கேட்கும். எந்தத் திசையில் வழிந்தது என்று பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு உலைநீரில் கொஞ்சத்தை மொண்டு தனியே எடுத்துவைத்துவிட்டு, களைந்த பச்சரிசியை மூன்று கை அள்ளிப் போட்டு, மீதியையும் இடுவார்கள். கரண்டிக் காம்பால் அடி கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பால் சேர்ந்த உலை கண் அசந்தால் அடிபிடித்துவிடும். அப்போது மொண்டு வைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விடுவார்கள். வெண்பொங்கல் என்றதும் ஓட்டலில் மிளகும் முந்திரியும் நெய்யில் மிதக்க வருகிற பதார்த்தம் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. பாலில் குழைந்த பச்சரிசிச் சோறு, அவ்வளவுதான்.

இனிமேல்தான் விஷயம். தொள்ளாயிரம் பானையில் எது முதல் பானை? கோயிலில் எதைச் செய்தாலும் யார் முதலில் என்ற கேள்வி வந்தே தீரும். முதல் மரியாதை, முதல் திருநீறு, முதல் பரிவட்டம். இந்தக் கேள்விக்கு நாட்டரசன்கோட்டைக்காரர்கள் கண்டுபிடித்த வழி, சீட்டுக் குலுக்கிப்போடுவது. அத்தனை குடும்பத் தலைவர்களின் பெயரையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்கிறார்கள். யார் பெயர் வந்ததோ அவர் வீட்டுப் பானைதான் அந்த வருடம் முதல் பானை. அந்தப் பானை அடுப்பேறிய பிறகே மற்றவை ஏறும். ரங்கூனில் பத்து வட்டிக்கடை வைத்திருந்த குடும்பமாக இருந்தாலும் சரி, ஊரிலேயே கணக்கெழுதிப் பிழைத்த குடும்பமாக இருந்தாலும் சரி, குடத்துக்குள் போகிற சீட்டு ஒரே அளவு.

இதைக் குடவோலை முறை என்று எழுதுவதும் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அவை. ஆனால் அந்தக் குடவோலை வாரியங்களுக்கு ஆள் எடுத்தது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஓராண்டு பொறுப்பைச் சுமக்க வேண்டும். ஓலையில் பெயர் எழுதுவதற்கே வரியுள்ள நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதக் கல்வி என்று கட்டுப்பாடு. இங்கே ஆளவும் வேண்டாம், கணக்கு ஒப்படைக்கவும் வேண்டாம். ஒரு மாலைப்பொழுதின் வரிசை மட்டுமே குலுக்கலில் தீர்மானமாகிறது. ஆகவே பெயரைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒற்றுமை ஓரிடத்தில்தான்: சீட்டில் தோற்றவன் யார் மேலும் வருத்தப்பட முடியாது. அம்மன் எடுத்துக் கொடுத்த பெயர் என்று போய்விடும்.

இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி என்று ஓர் ஊர். அங்கே தேர் இழுப்பதில் யார் வடம் பிடிப்பது, யாருக்கு முதல் மரியாதை என்ற தகராறு உயர் நீதிமன்றம்வரை போய், தேர் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்று, 2024-ல்தான் மறுபடி பலத்த போலீஸ் காவலோடு ஓடியது. ஒரே சீமை, ஒரே மாதிரியான மனிதர்கள். ஓர் ஊரில் பிரச்சினை குடத்துக்குள் முடிகிறது, இன்னோர் ஊரில் வழக்குக் கட்டாகிறது. ஆனால் இதை வைத்து இவர்கள் கெட்டிக்காரர்கள், அவர்கள் முரடர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. குடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே சமூகம். முன்கூட்டியே தங்களைச் சமம் என்று ஒப்புக்கொண்டவர்கள். குலுக்கல் அப்படிப்பட்டவர்களுக்குள் மட்டும்தான் செல்லும். கண்டதேவியில் சண்டையே அந்தச் சமத்தைப் பற்றியது.

யார் பெயர் குடத்துக்குள் போகும் என்பதற்கு வருகிறேன். நகரத்தார்களிடம் குடும்பத்தை எண்ணுகிற அலகு புள்ளி. கல்யாணம் ஆன ஓர் ஆணும் அவன் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. அப்பா அம்மா, கல்யாணமான இரண்டு மகன்கள் என்றால், ஒரே வளவில் குடியிருந்தாலும், ஒரே உலையில் சாப்பிட்டாலும், மூன்று புள்ளி. துணையை இழந்தவர் அரைப் புள்ளி என்று கணக்கு வைக்கிற வழக்கமும் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு ஒருபோதும் மனசு ஒப்பியதில்லை, ஆனால் கணக்கு அப்படித்தான். ஊர்க்கோயில் திருப்பணிக்கோ திருவிழாவுக்கோ வரி போட்டால் புள்ளிக்கு இவ்வளவு என்று போடுவார்கள். செவ்வாய்ப் பொங்கலிலும் அடிப்படை அதுவேதான். புள்ளிக்கு ஒரு பானை.

என் அபிப்பிராயத்தில் இந்தத் திருவிழாவைத் திறக்கிற சாவி இதுதான். அறுவடைத் திருவிழா என்று சொல்லி ஆரம்பித்தால் பாதிதான் புரியும். இது ஓர் ஊர் வருஷத்துக்கு ஒருமுறை தன் ஆட்களைக் கூப்பிட்டு எண்ணிப் பார்க்கிற நாள். எத்தனை பானை என்றால் எத்தனை குடும்பம் இன்னும் இந்த ஊரைத் தன் ஊர் என்று சொல்லிக்கொள்கிறது என்று அர்த்தம். போன வருஷம் கல்யாணமான பையனுக்கு இந்த வருஷம் தனிப் பானை. உலகத்தில் எந்த மூலையில் சம்பாதித்தாலும், அவன் ஊரில் ஆள் ஆனான் என்பதை ஒரு பானையும் மூன்று கல்லும் ஊரறியச் சொல்கின்றன.

அப்படியானால் எண்ணிப் பார்ப்பதற்கு ஏன் பொங்கல்? இவர்கள் வணிகர்கள் ஆயிற்றே, ஏர் பிடித்தவர்கள் இல்லையே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

செட்டிநாட்டு மண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? செம்மண்ணும் சரளையும். தஞ்சாவூர் மாதிரி ஆறு வந்து வயலை நனைத்துவிட்டுப் போகிற பூமி இல்லை. மழையைத் தேக்கிவைக்கிற கண்மாய்தான் எல்லாம். ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கில் வழிந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும். மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்ப்பாய்ச்சி என்று ஊருக்கு ஆள் இருந்தார். ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி ஆவணி புரட்டாசியில் புழுதியிலேயே விதைப்பார்கள். ஒரு போகம்தான். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. அறுப்பு தையிலும் மாசியிலுமாக வரும். அதனால் தை முதல் நாளன்று இந்தச் சீமையில் பல வயல்களில் கதிர் இன்னும் முற்றிக்கொண்டுதான் இருக்கும். அன்றைக்குப் பொங்குகிற அரிசி போன வருஷத்ததாகவும் இருக்கலாம். பொங்கல் என்றால் நெல் வீட்டுக்கு வந்துசேர்ந்த நாள் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் எழுதுவது காவிரிக் கரைக்குப் பொருந்துகிற அளவு கண்மாய்க் கரைக்குப் பொருந்தாது.

இப்படிப்பட்ட மண்ணில் சாப்பாட்டுக்கு வழி வேறு எங்கோ இருந்தது. நகரத்தார் கடல் கடந்து போனதற்கு வறட்சி மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வட்டித்தொழிலும் உப்பு வியாபாரமும் அதற்கு முன்பே அவர்களுக்குக் கைவந்திருந்தன. இலங்கை, மலேயா, சைகோன் என்று பல இடம் போனார்கள். பெரிய பணம் போன இடமும் வந்த இடமும் பர்மாதான். கீழ்ப் பர்மாவை வெள்ளைக்காரன் 1852-ல் பிடித்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவில் காட்டை வெட்டி நெல் போட்ட பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் செட்டியார்கள். நிலம் அடமானம். நெல் விலை நன்றாக இருந்தவரை கடன் திரும்பி வந்தது; நிலத்தின் மேல் செட்டியாருக்கு ஆசை இல்லை, பணம்தான் வேண்டும். 1930-ஐ ஒட்டி உலகச் சந்தை விழுந்து நெல் விலையும் விழுந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 ஏக்கர் செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1938-ல் அது நூற்றுக்கு 25 ஆகிவிட்டது. நாலில் ஒரு பங்கு. தன் ஊரில் ஒருபோகக் கண்மாய்ப் பாசனத்துக்காக வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த சமூகத்திடம் உலகத்தின் பெரிய நெற்களஞ்சியத்தில் கால்வாசி போய்ச் சேர்ந்தது. அவர்களே விரும்பித் தேடிக்கொண்டது இல்லை, ஆனால் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டாக இருந்திருக்க முடியாது. கசப்பு வளர்ந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கிகளைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, பலர் கால்நடையாகவே திரும்பினார்கள். யுத்தம் முடிந்து பர்மா சுதந்திரம் அடைந்ததும் 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. நிலம் போயிற்று.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்தப் போக்குவரத்து எப்படி நடந்தது என்பதில் செவ்வாய்ப் பொங்கலுக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. கொண்டுவிற்கப் போன ஆண்கள் குடும்பத்தோடு போகவில்லை. பெட்டியடிப் பையனாகவோ அடுத்தாளாகவோ சேர்ந்து, மேலாள் வரைக்கும் உயர்கிறவர்கள், ஒரு கணக்குக்கு மூன்று வருஷம் என்று போவார்கள். கிட்டங்கியில் நீளமான கூடத்தில் ஆளுக்கொரு பெட்டகம், ஒரு சாய்வு மேசை, படுக்க ஒரு பாய். மனைவி நாட்டரசன்கோட்டையிலோ கானாடுகாத்தானிலோ கோனாபட்டிலோ ஆயிரம் சன்னல் வீட்டில் இருப்பாள். வீட்டை, கணக்கை, கல்யாணம் காட்சியை, ஊர்வரியை எல்லாம் பார்த்தது ஆச்சிமார்கள். மூன்று வருஷம் முகம் காணாமல் இருந்த ஊரில் ஒருவருக்கு ஒரு புள்ளி இருக்கிறது என்றால், அதை அங்கே அணையாமல் காத்தவள் அவள்தான். ஆகவே ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கூட ஒரு நாள் வேண்டியிருந்தது. தை என்றால் மழை ஓய்ந்து, வெயில் ஏறுவதற்கு முந்திய காலம். தைப்பொங்கல் அவரவர் வீட்டுக்குள் நடக்கிற விசேஷம்; அதற்குப் பக்கத்திலேயே அம்மனுக்கு உகந்த செவ்வாய்க்கிழமை. வீட்டு அடுப்பை வீதிக்குக் கொண்டுவர இதைவிட வசதியான நாள் இல்லை. எழுதிவைத்த சாசனம் எதையும் காட்டி நான் இதைச் சொல்லவில்லை. இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

வாசலில் கூடுவதற்கு ஊர் தேர்ந்தெடுத்த தெய்வத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாத்தாள் கதை இப்படிப் போகும். பக்கத்து ஊர்களிலிருந்து பாலும் மோரும் சுமந்து விற்க வருகிறவர்கள், ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் தினமும் கால் இடறிப் பானையைப் போட்டு உடைத்தார்கள். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, தொடர்ந்து. சிவகங்கை மன்னரிடம் போய் முறையிட்டார்கள். தோண்டச் சொன்னார். தோண்டும்போது கடப்பாறை பட்டுத் தோண்டினவர் ஒருவரின் கண்ணில் அடி, ரத்தம். உள்ளே அம்மன் சிலை. சிலை மேலே வந்ததும் அவருக்குப் பார்வை திரும்பியது. அதனால் அவள் கண் கொடுத்தவள். இன்றும் கண்நோய்க்காரர்கள் வேண்டிக்கொண்டு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறார்கள்.

கதையில் எனக்குப் பிடித்தது இதில் வருகிற ஆட்களின் பட்டியல்தான். கண்டெடுத்த பெருமை பால்காரர்களுக்கு. பட்ட அடி மண் வெட்டினவருக்கு. கோயில் எழுப்பிய பெயர் அரசருக்கு. செட்டியார் கதைக்குள் வரவே இல்லை. பிற்பாடு திருப்பணி செய்து, மண்டபமும் கோபுரமும் எடுத்து, வருஷந்தோறும் தொள்ளாயிரம் பானையோடு வந்து நிற்கிறவர்கள் அவர்கள். ஆனால் முதல் பத்தியில் அவர்களுக்கு இடம் இல்லை, அதைத் திருத்தி எழுதவும் முயலவில்லை. கோயில் இன்றைக்கும் சிவகங்கை சமஸ்தானத் தேவஸ்தானத்தைச் சேர்ந்தது. அந்த சமஸ்தானம் சாதாரணப்பட்டதில்லை. 1772-ல் காளையார்கோயிலில் மன்னர் முத்துவடுகநாதர் குண்டடிபட்டு விழுந்து, அவர் மனைவி வேலு நாச்சியார் எட்டு வருஷம் கழித்து மீட்ட சீமை. காளையார்கோயில் இங்கிருந்து வெகுதூரமில்லை.

பொங்கல் வாசலுக்குத் திரும்புவோம். பத்திரிகைக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் தவறாமல் எழுதுகிற இன்னொரு செய்தி, அங்கே வரன் பார்க்கிறார்கள் என்பது. உண்மைதான். ஆனால் அது எப்படி முடிகிறது என்பதை யாரும் விளக்குவதில்லை. கிராமங்களில் பொதுவாக ஓர் ஊருக்குள்ளேயே பலபேர் பங்காளிகளாக இருப்பார்கள், பெண் எடுக்க வெளியூர் போக வேண்டும். நகரத்தாருக்குப் பங்காளி கணக்கு ஊரை வைத்து இல்லை, கோயிலை வைத்து. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் அண்ணன் தங்கை முறை, கட்டக் கூடாது. இளையாத்தங்குடியும் மாத்தூரும் மட்டும் தமக்குள் ஏழேழு பிரிவாகப் பிரிந்திருப்பதால் அங்கே கொஞ்சம் சூட்சுமம் உண்டு. அதற்குள் இப்போது போகவேண்டாம். ஒரே ஊரில் பல கோயில்காரர்கள் இருப்பதால் எதிர் அடுப்பில் இருக்கிற பெண்ணே முறைப்பெண்ணாக அமையலாம். ஆகவே பெயருக்கு முன்னால் வருகிற கேள்வி, "நீங்க எந்தக் கோயில்?" பதில் ஒத்துவந்தால் அடுத்தது, "எந்த வீடு?" மூன்றாவது கேள்வி கேட்கும்போது பையன் என்ன படித்திருக்கிறான் என்று வந்துவிடும். பானை பொங்குவதற்குள் பாதிப் பேச்சு முடிந்திருக்கும்.

கல்யாணம் நிச்சயமானால் இரண்டு பக்கத்து நகரக் கோயிலிலிருந்தும் மாலை வரவேண்டும். அந்தக் கோயில் மாலைதான் அங்கீகாரம். திருமணத்தன்று இசைகுடிமானம் என்று ஓர் ஒப்பந்தம் எழுதுவார்கள். முன்பு ஓலையில், இப்போது தாளில். மாலை வந்து, எழுத்தும் முடிந்தால் ஒரு புதுப் புள்ளி.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். எண்ணுகிற எந்த முறைக்கும் எண்ணாமல் விடுகிற ஆட்கள் உண்டு. நாட்டரசன்கோட்டையில் பிறந்த பெண் தேவகோட்டைக்காரரைக் கட்டினால் அவள் புள்ளி தேவகோட்டைக்குப் போய்விடும்; பிறந்து வளர்ந்த ஊரின் பொங்கலுக்கு அவள் விருந்தாளி. அடுப்பில் வியர்ப்பது ஆச்சி, சீட்டில் இருப்பது ஐயா பெயர். நகரத்தார் அல்லாதவரைக் கட்டிக்கொண்டால் மரபுப்படி கோயில் மாலை வராது. மாலை வராவிட்டால் புள்ளி இல்லை, புள்ளி இல்லாவிட்டால் பானை இல்லை. பையன்களும் பெண்களும் உலகம் முழுக்கப் படிக்கவும் வேலைக்கும் போய்விட்ட பிறகு இந்தக் கடைசி விதி எவ்வளவு நாள் தாங்கும் என்பது அந்தச் சமூகத்துக்குள்ளேயே நடக்கிற பேச்சு. வெளியாள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் தொள்ளாயிரம் பானையின் அழகைப் பார்க்கிறபோது, வைக்க முடியாமல்போன பானைகளும் சில இருக்கும் என்பது எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. ஊரின் மற்றச் சமூகத்தார் தை முதல் நாளில் தங்கள் தங்கள் வாசலில் பொங்கியாயிற்று. செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு வியாபார நாள். பூ, விறகு, பானை, கரும்பு.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டால் நாட்டரசன்கோட்டைக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். கம்பர் சமாதி இந்த ஊரில்தான் இருக்கிறது என்பது நெடுநாள் நம்பிக்கை. சோழனோடு பிணக்கு ஏற்பட்டுத் தெற்கே வந்த கவி இங்கே அடங்கினார் என்பார்கள். சரித்திர ஆதாரம் கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்; பிள்ளைக்குப் படிப்பு வரவேண்டும், தமிழ் நாக்கில் நிற்கவேண்டும் என்று சமாதி மண்ணைக் கொஞ்சம் எடுத்து நாக்கில் தடவுகிற தாய்மார்கள் யாரிடமும் ஆதாரம் கேட்டதில்லை. சா. கணேசன் 1939-ல் காரைக்குடியில் ஆரம்பித்த கம்பன் விழாவின் நிறைவு நாள், பங்குனி அத்தத்தன்று, இங்கே நடக்கும். உழவைப் பாடிய ஏரெழுபதும் கம்பர் பெயரில்தான் வழங்குகிறது. ஏர் பிடிக்காத வணிகர்கள் பொங்கல் வைக்கிற ஊரிலேயே ஏரைப் பாடியவர் சமாதியும் இருப்பது தற்செயல்தான். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்த தையில் போய்ப் பார்க்க நினைத்தால் நாள்காட்டியில் பொங்கலுக்குப் பிந்திய செவ்வாயை எண்ணிக்கொள்ளுங்கள். பொங்கலே செவ்வாயில் வந்தால் ஊரில் ஒருவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. சிவகங்கைக்கு பஸ்ஸில் வந்து அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்கலாம். மத்தியானத்துக்குள் போய்விடுங்கள், பொங்கல் மாலையில்தான் என்றாலும் அடுப்பு கூட்டுவதைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் யாருக்கும் பேச நேரம் இருக்கும். பருத்திச் சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள், தொள்ளாயிரம் அடுப்பின் புகையும் அனலும் சேர்ந்தால் உடம்பும் கண்ணும் எரியும். எந்த அடுப்பின் முன்னால் கொஞ்சம் நின்றாலும் ஓர் இலையில் பொங்கலை வைத்து நீட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நீட்டுவதற்கு முன்னால் ஆச்சி உங்களிடமும் கேட்பார்: "நீங்க எந்த ஊருங்க?"